படகில் ஏறாதவர்

கோதண்டம் இருபத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தார். அந்த வருடத்தில் அவர் செய்தது இரண்டே காரியம். காலையில் கதை எழுதினார். மத்தியானம் மகள் விட்டுப்போன வீடியோ கேமை ஆடினார்.

கதை எழுதக் கற்றுக்கொண்டது ரூபவதியிடம். அவர் கோதண்டத்தைவிடப் பதினான்கு வயது இளையவர். விழுப்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு நடத்திவந்தார். பேச்சு குறைவு. கோதண்டம் அவரை டீச்சர் என்பார். அவர் கோதண்டத்தை சார் என்பார்.

அந்த வருடம் முடிந்த ஞாயிறு, வகுப்பிலிருந்து எல்லோரும் போன பிறகும் கோதண்டம் எழுந்திருக்கவில்லை. ரூபவதி திருப்பிக் கொடுத்த கதையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், இந்தக் கதையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"முழுசா?"

ரூபவதி பேனாவை மூடிவைத்தார்.

கோதண்டம் தாள்களைப் புரட்டினார். நான்காவது தாளும் ஐந்தாவது தாளும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோத்துப் பருக்கையை வெச்சு ஒட்டினேன். ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு."

ரூபவதி அந்தத் தாள்களைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"மூணாவது தாளோட நிறுத்திட்டேன், சார்."

"ஏன்?"

"பால்காரர் நல்லவரா வந்தார். அவர்தான் திருடன்னு தெரிஞ்சுபோச்சு."

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். ஐந்தாவது தாளில் பால்காரர்தான் பிடிபடுகிறார்.

"மத்த கதையெல்லாம்?"

"இருபத்திரண்டு கதை கொடுத்தீங்க. எல்லாத்துலயும் உதவிக்கு வர்றவன்தான் ஏமாத்துறான்."

"உலகம் அப்படித்தானே, டீச்சர். டிக்கெட் இல்லாதவங்க பர்ஸ் தொலைஞ்சுபோச்சுன்னு கண்ணீர் விடுவாங்க. பர்ஸ் சாக்ஸுக்குள்ள இருக்கும். இருபத்தாறு வருஷம் பார்த்திருக்கேன்."

ரூபவதி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு, "மத்தியானத்துல ஏதோ கேம் ஆடறதாச் சொன்னீங்களே. அதைக் காட்டறீங்களா?" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று கோதண்டத்துக்குத் தோன்றியது. படியிறங்கும்போது ஒருமுறை, தெருமுனையில் ஒருமுறை ரூபவதியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

வீட்டில் டிவி மகளின் அறையில் இருந்தது. கோதண்டம் ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி அம்சவேணி டீ கொண்டுவந்தார்.

"பொண்ணு எங்கே இருக்கா?" என்று ரூபவதி கேட்டார்.

"கல்யாணம் ஆகிப் போயிட்டா. மாப்பிள்ளை எதையோ மறைக்கிறார்னு இவர் மூணு மாசம் விசாரிச்சார். ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி விவாகரத்து வாங்கினவர்னு கண்டுபிடிச்சார். சரியாத்தான் கண்டுபிடிச்சார்."

"அப்புறம்?"

"அவளுக்கு அது முதல்லயே தெரியுமாம். எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடலை."

கோதண்டம் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

திரையில் ஒரு பெரிய ஆறு வந்தது. ஆற்றுக்கு அந்தப்புறம் ஒரு நகரம். தனியாக வரும் வழிப்போக்கன் அங்கே போய்ச் சேர வேண்டும். அதுதான் ஆட்டம். கரையில் படகோட்டி ஒருவன் நின்று கையசைத்தான். கோதண்டம் தூரத்திலேயே வழிப்போக்கனை நிறுத்தினார். வில்லை எடுத்து ஒரே அம்பு விட்டார். படகோட்டி தண்ணீரில் விழுந்தான்.

"இனி மலையைச் சுத்திப் போகணும். நேரம் ஆகும். ஆனா பத்திரம்."

"இந்த ஆட்டத்தை எத்தனை தடவை ஆடியிருக்கீங்க?"

"ஏழு தடவை முடிச்சிருக்கேன்."

"ஏழு தடவையும் இவனைக் கொன்னீங்களா?"

"முதல் தடவை கிட்டப் போனப்ப, கூலி வேண்டாம், சும்மா ஏறிக்கோன்னான். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"மறுபடி கரைக்குப் போங்க. நான் ஆடறேன்."

கோதண்டம் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கி, எந்தப் பொத்தானை அழுத்தினால் நடக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். ரூபவதியின் வழிப்போக்கன் ஒரு மரத்தில் போய் முட்டினான். பிறகு தட்டுத்தடுமாறிக் கரைக்கு வந்து படகில் ஏறினான்.

"வேணாம், டீச்சர். கவிழ்த்துடுவான்."

படகு நகர்ந்தது. படகோட்டி பேசினான். திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துகளை ரூபவதி தமிழில் சொன்னார்.

"இங்கே யாரும் ஏறி ரொம்ப நாளாச்சுங்கறான்."

கோதண்டம் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"குளிருதான்னு கேக்கறான்."

படகோட்டி தன் தோளில் இருந்த போர்வையை எடுத்து வழிப்போக்கனுக்குப் போர்த்தினான். பிறகு வெகுநேரம் துடுப்பு போட்டான். நடு ஆற்றில் துடுப்பை உள்ளே எடுத்து வைத்தான். அவன் தோள்கள் குலுங்கின. ஏதோ சொன்னான்.

"மன்னிச்சுக்கோங்கறான்," என்றார் ரூபவதி.

படகோட்டி எழுந்து படகின் ஒரு பக்கத்தை மிதித்தான். படகு கவிழ்ந்தது. திரை இருண்டது.

கோதண்டம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க."

அறையின் வாசற்படியில் நின்றிருந்த அம்சவேணி உள்ளே போய்விட்டார்.

"டீச்சர், இதை முன்னாடியே ஆடியிருக்கீங்களா?"

"இல்லை."

கோதண்டம் ரூபவதியின் விரல்களைப் பார்த்தார். அவை இன்னமும் தப்பான பொத்தான்களின் மேல்தான் இருந்தன.

திரையில் மறுபடி கரை வந்தது. படகோட்டி கையசைத்துக்கொண்டிருந்தான். இருவரும் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர்."

"சொல்லுங்க, சார்."

"கவிழ்க்கணும்னு முடிவு பண்ணினவன் எதுக்கு அழுதான்?"

ரூபவதி கையிலிருந்த கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும், சார்? ஒரு வருஷமா இந்தக் கரையில இருந்தது நீங்கதானே."