ராணியின் கன்னத்துப் பள்ளம்

அடைக்கலம் காசு பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தபோது அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. சொல்லிக்கொடுத்த ஜொகரா பீவிக்கு முப்பது. ஆனாலும் அவன் அவளை அம்மா என்றான். அவள் அவனை அண்ணே என்றாள். காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற தெருவில், ஒரு வெள்ளி ரூபாய் அசலா போலியா என்று அவள் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது.

வந்த முதல் நாளே அவன் இடுப்பிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக் கொடுத்தான். ராணி தலை போட்டது. இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கொன்றாக அப்பா கொடுத்ததில் அவன் பங்கு.

அவள் அதைக் கல்லில் போட்டாள். நீண்டு ஒலிக்க வேண்டிய வெள்ளி, டொக்கென்று செத்து விழுந்தது. ராணியின் கன்னத்தில் கடுகளவு பள்ளம்.

"போலிண்ணே. உருக்கி வார்த்தது."

"அப்ப நல்லதை எங்க அண்ணன் எடுத்துக்கிட்டான்."

"அதைத் தனிக் காசு சொல்லாதுண்ணே. பக்கத்துல ஜோடி வேணும்."

அதற்குள் அவன் செருப்பை மாட்டியிருந்தான். நேரே அண்ணன் சேவுகன் வீடு.

"எனக்குப் போலியைத் தள்ளிவிட்டுட்டு நல்லதை அமுக்கிட்டியே. நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

சேவுகன் உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ஆமாடா. மாத்திட்டேன்னே வச்சுக்க. அப்பா காதுக்கு மட்டும் கொண்டுபோகாதே."

அன்றோடு பேச்சு நின்றது. அப்பா அடைக்கலத்தின் வீட்டில்தான் இருந்தார். "என்னை ஏமாத்தாத ஆளு நீங்க ஒருத்தர்தாம்ப்பா" என்று சொல்லிச் சொல்லி அவருக்குச் சோறு போட்டான். நாலு வருஷம் கழித்து அவர் அங்கேயே கண்ணை மூடினார்.

சண்டை நடந்த பதினோராம் வருஷம் சேவுகனும் போனார். அடைக்கலம் போகவில்லை. மறுநாள் பதினாறாம் நாள் காரியம் என்றிருக்க, அண்ணி ஒரு துணி முடிச்சைக் கொடுத்தனுப்பினாள். உள்ளே சேவுகனின் ரூபாய். கூடவே சொல்லியும் விட்டிருந்தாள்: "இதுக்காகத்தானே மூஞ்சியில முழிக்கல? எடுத்துக்கச் சொல்லுங்க."

முடிச்சை அவன் ஜொகரா பீவி முன்னால் வைத்தான்.

"நீங்களே பார்க்கலாமேண்ணே. இத்தனை வருஷம் கத்துக்கிட்டீங்க."

"நீங்களே சொல்லுங்கம்மா. இது நல்ல காசுன்னா நாளைக்கு நான் அந்த வாசல்ல கால் வைக்கமாட்டேன்."

"உங்க காசையும் எடுங்க."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். லென்ஸை அவனிடம் தள்ளினாள்.

ராணியின் கன்னத்தில் கடுகளவு பள்ளம். இதிலும். அதே இடத்தில்.

"சர்க்கார் அடிச்ச காசுல பள்ளம் இப்படி ஒத்துப்போகாதுண்ணே. ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது."

அடைக்கலம் லென்ஸைக் கீழே வைத்தான். "பாவம், அண்ணனுக்கும் தெரியாமப் போச்சு" என்றான்.

அவள் சேவுகனின் காசைத் திருப்பி விளிம்பைக் காட்டினாள். சின்னதாக ஒரு வெட்டு.

"அரம் போட்டுப் பார்த்திருக்கார். உள்ளே செம்பு."

"இப்பவா? சாகிறதுக்கு முன்னாலயா?"

"வெட்டும் கறுத்துப்போய்க் கிடக்கு. பத்துப் பதினோரு வருஷம் இருக்கும்ணே."

அண்ணன் உள்ளே போய் வெகுநேரம் வராமல் இருந்த அந்தப் பகல் அவன் முன்னால் வந்து நின்றது.

"என்னோடதும் போலிதாண்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. பதினோரு வருஷம் திருட்டுப்பய, திருட்டுப்பயன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. ஏன் சொல்லல?"

ஜொகரா பீவி இரண்டு காசையும் ஒரே துணியில் முடிந்து அவன் கையில் வைத்தாள்.

"உங்க அப்பா கடைசி வரைக்கும் யார் கையால சாப்பிட்டாருண்ணே?"