சன்னலோரத்துச் சேவல்

கரட்டுக் காட்டில் தீப் பிடித்தபோது, மைவிழி என்ற தேவாங்கு தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குட்டியின் பெயர் பொட்டு. அது சும்மா வரக்கூடாதா? தாயின் தோள் வழியே திரும்பி, வழி நெடுகத் தீயையே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்துவிட்டது. தேவாங்குக் கண்ணுக்கு மின்மினி வெளிச்சமே அதிகம். காட்டுத் தீயைத் தாங்குமா?

பச்சிலை வைத்தியம் பார்க்கும் உடும்பு, குட்டியின் இமையை விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. ஏதோ ஒரு சாற்றைப் பிழிந்து விட்டது. பெரிய தேக்கிலை ஒன்றால் குட்டியைத் தலையோடு சேர்த்துப் போர்த்தியது.

"இங்க பாரும்மா! இன்னைக்கு ராத்திரி முழுக்க மருந்து இருட்டுலயே ஊறணும். நடுவுல வெளிச்சம் பட்டுச்சோ, பார்வை போச்சுன்னு வச்சுக்கோ!"

"விடிஞ்ச பிறகு பட்டா?"

"விடிஞ்சா கவலையே இல்ல. கண்ணைத் திறந்து உலகத்தைப் பார்க்கட்டும்!"

ஆனால் அந்த இரவைக் கரட்டுக் காட்டில் கழிக்க முடியாது. தீ நெருங்கிக்கொண்டிருந்தது. மறுகரைக் காட்டுக்குப் போக ஒரே வழி நாரை வண்டிதான்.

நாரை வண்டி என்றால் சக்கரம் வைத்த வண்டி இல்லை. தூக்கணாங்குருவிகள் ஊர் கூடிப் பின்னிய ஒரு பெரிய கூடு. எட்டு நாரைகள் அதைக் கொடிகளால் தங்கள் கால்களில் கட்டித் தூக்கிக்கொண்டு பறக்கும். நடுவில் அகன்ற சதுப்பு. அதையும் தாண்டி மறுகரை சேர ஒரு முழு இரவு வேண்டும்.

நாரைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. உயரே போனதும் பாதித் தூக்கத்திலேயே பறக்கும். மறுகரை வந்துவிட்டதா என்று குனிந்து பார்க்காது. விடியும் நேரத்தில் கரை வந்துவிடும், அதனால் கூட்டில் வரும் சேவல் கூவுவதை மட்டும்தான் கேட்கும். முதல் கூவலுக்குத் தலையைத் தூக்கும். இரண்டாம் கூவலுக்கு இறக்கையைச் சாய்க்கும். மூன்றாம் கூவலுக்குக் காலை நீட்டி இறங்கிவிடும். இறங்கும் இடம் நிலமா நீரா என்று பார்க்கும் வழக்கமே அதுகளுக்குக் கிடையாது.

ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சேவல் கட்டாயம் இருக்கும். அதற்கு இலவசப் பயணம். போதாததற்குச் சன்னலோர இடம்!

அன்றைக்கு வந்த சேவல் செங்கொண்டையார். கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தார். நடு இடத்தில் மைவிழி, மடியில் குட்டி. நடைவழி ஓரத்தில் ஒரு பருத்த பெருச்சாளி, உட்கார்ந்த உடனே குறட்டை.

கூட்டைக் கவனித்துக்கொள்ளும் மைனா நடைவழியில் வந்து நின்றது.

"பயணிகளே, வணக்கம்! சன்னல்ல இருக்கிற பூவரச இலைக் கதவை எல்லாரும் சாத்திடுங்க. சதுப்பைத் தாண்டுற வரைக்கும் திறக்கக் கூடாது!"

"ஏன்?" என்றார் செங்கொண்டையார்.

"கீழ இருக்கிறதுங்க மேல பார்த்துக்கிட்டே இருக்கும். திறந்த சன்னல் தெரிஞ்சா வரும்."

"எது வரும்?"

மைனா சட்டென்று திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு கதவையும் அலகால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கூடு மேலே எழுந்தது. பயணிகள் ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். மைவிழிக்குத் தூக்கம் வரவில்லை. தேக்கிலையில் அங்கங்கே புழு அரித்த ஓட்டைகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். ஓட்டைகளின் மேல் விரல்களைப் பரப்பி மூடிக்கொண்டாள்.

சர்ரென்று இலைக் கதவு திறந்தது. நிலா வெளிச்சம் நேராக மடியில் வந்து விழுந்தது.

"ஐயோ அண்ணே! சாத்துங்க! குட்டிக்குக் கண்ணுல மருந்து விட்டிருக்கு!"

"சன்னல் யாருதும்மா?" என்றார் செங்கொண்டையார்.

"உங்களுதுதான் அண்ணே. ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? சன்னலோரம் உக்காந்தவன் எதுக்கு? பார்க்கத்தானே! ஆகா, என்ன அழகு! என்ன அழகு!"

மைவிழி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண் எதன்மேலும் நிற்கவில்லை. சேவலுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் மூக்கின் முன்னால் யானை நின்றாலும் தெரியாது. அவர் ஒன்றும் தெரியாமலே ஆகா ஆகா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்!

பெருச்சாளி ஒரு கண்ணைத் திறந்தது. "ஓய் சேவலாரே! தூங்குறவன் முகத்துல வெளிச்சம் அடிக்கிறீரே, சாத்தும்!"

மைனா வந்து சாத்தியது. மைனா அந்தப் பக்கம் போனதும் செங்கொண்டையார் திறந்தார். மைவிழி கெஞ்சினாள். சாத்தினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தார். சண்டை போடத் தெரியாதவள் மைவிழி. குட்டியை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். என்னைக் கேட்டால் அப்போதே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும் என்பேன். அவளுக்கு வாய் வரவில்லை.

பிறகு நிலா மறைந்தது. அழுகிய சேற்று வாடை மேலேறி வந்தது. குளிர் கூட்டுக்குள் நுழைந்தது. சதுப்பு தொடங்கிவிட்டது.

திறந்த சன்னல் வழியே மைவிழி கீழே பார்த்தாள். அவளுக்கு இருட்டு பகல் மாதிரி. அசையாத நீர் கண்ணுக்கு எட்டிய மட்டும் கிடந்தது. அதில் அங்கங்கே ஏதோ துருத்திக்கொண்டு நின்றன. பாறை என்று முதலில் நினைத்தாள். பாறை இல்லை. பின்னிய கூடுகள்! இந்தக் கூட்டைப் போலவே பெரிய கூடுகள். சாய்ந்து, பாதி மூழ்கி, மேலே கோரைப் புல் முளைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சன்னல் மட்டும் திறந்திருந்தது.

அவள் குட்டியை இறுக அணைத்துக்கொண்டாள். "அண்ணே, சாத்துங்க! கீழே என்னவோ இருக்கு!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!" என்றார் செங்கொண்டையார். சொல்லி வாய் மூடவில்லை, அவர் முகம் மலர்ந்தது. "இரு, இரு! தெரியுது! வெளிச்சம் தெரியுது!"

கீழே ஒரு மூழ்கிய கூட்டின் சன்னலிலிருந்து மங்கலான மஞ்சள் ஒளி கிளம்பியது. அடுத்த கூட்டிலிருந்து ஒன்று. அதற்கடுத்து ஒன்று. எல்லாம் சேர்ந்து, ஆடாமல் அசையாமல் மேலே ஏறி வந்தன. பாவம், இரவில் அவர் கண்ணுக்குத் தெரிந்த முதல் காட்சி அதுதான். கழுத்தை வெளியே நீட்டிக்கொண்டு ஆசையாகப் பார்த்தார்.

அப்போது கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

"கொக்கரக்கோ..."

ஈரமான, தொண்டையில் நீர் நிறைந்த கூவல்.

சேவல் குணம் உங்களுக்குத் தெரியும். ஒரு சேவல் கூவினால் இன்னொரு சேவலால் சும்மா இருக்க முடியாது. செங்கொண்டையாரின் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"எவன்டா அது, எனக்கு முந்தி கூவுறவன்?"

"அண்ணே, வேண்டாம்! இன்னும் விடியல!"

"கொக்கரக்கோ!" என்று கூவிவிட்டார்.

எட்டு நாரைகளும் தலையைத் தூக்கின.

ஒளி சன்னலுக்கு அருகே வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் அன்பாகப் பேசியது. "ஆமாம் தம்பி, விடிஞ்சிடுச்சு! இன்னொரு தடவை கூவு!"

"கொக்கரக்கோ!"

கூடு ஒரு பக்கம் சாய்ந்தது. தூங்கியவர்கள் உருண்டார்கள். நீரின் வாடை குப்பென்று அடித்தது.

ஒளிக்குள் என்ன இருக்கிறது என்று மைவிழிக்கு இப்போது தெரிந்தது. சேவல்கள்! வரிசையாகச் சேவல்கள். இறகெல்லாம் நீர் சொட்டியது. கொண்டைகள் வெளுத்துத் தொங்கின. கண் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மஞ்சள் ஒளிதான் இருந்தது. முதலில் வந்த சேவல் சன்னல் விளிம்பில் ஒரு காலை எடுத்து வைத்தது.

செங்கொண்டையார் மூன்றாம் முறை கூவ மூச்சை இழுத்தார்.

சேவலின் வாயை அடைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து இருட்டாக்கினால் அடங்கிவிடும். பஞ்சாரத்துக்கு அங்கே எங்கே போவது? கையில் இருந்தது தேக்கிலை ஒன்றுதான். அதை எடுத்தால் குட்டியின் கண்ணுக்கு மறைப்பு இல்லை. எடுக்காவிட்டால் குட்டியே இல்லை.

மைவிழி இலையை உருவினாள். குட்டியின் முகத்தைத் தன் வயிற்று மயிருக்குள் அழுத்திக்கொண்டாள். செங்கொண்டையாரை உள்ளே இழுத்து, தேக்கிலையை அவர் தலையில் கவிழ்த்து இறுக்கினாள். அவர் இழுத்த மூச்சு "கொக்" என்பதோடு நின்றது. பாய்ந்து கதவை இழுத்தாள். விளிம்பில் இருந்த கால் தடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கால் வழுக்கி வெளியே போனது. கதவு சாத்திக்கொண்டது.

நாரைகள் மூன்றாம் கூவலுக்குக் காத்திருந்தன. வரவில்லை. இறக்கையை நிமிர்த்தின. கூடு மெல்ல மேலேறியது.

வெளியே கொத்தும் சத்தம் தொடங்கியது. டொக், டொக், டொக்.

மைனா ஓடிவந்து மைவிழியின் பக்கத்தில் நின்றது. சாத்திய கதவையே பார்த்தது. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து மைனாவின் குரல் கேட்டது.

"பயணிகளே, வணக்கம்! இப்ப சன்னலைத் திறக்கலாம்!"

உள்ளே இருந்த மைனாவின் அலகு மூடியே இருந்தது. பெருச்சாளி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டது.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு குரல். உடும்பு வைத்தியரின் குரலேதான்! "விடிஞ்சாச்சும்மா! குட்டி கண்ணைத் திறந்து உலகத்தைப் பார்க்கட்டும்!"

மைவிழி அசையவில்லை. குட்டியின் கண்ணில் அந்த ஒளி பட்டதா, படவில்லையா? அவளுக்குத் தெரியாது. பார்க்கவும் முடியாது. மீதி இரவு முழுக்க அழுதுகொண்டே குட்டியை அணைத்துக் குனிந்திருந்தாள். கொத்தல் நெடுநேரம் கேட்டது. பிறகு தூரத்தில் கேட்டது. பிறகு நின்றது.

மைனா தேக்கிலையைத் தட்டியது. "சேவலாரே, வெளிய வாங்க! கூவுற நேரம் வந்தாச்சு."

"மாட்டேன்!" என்றது இலைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல். "எனக்கு எது விடியல்னே தெரியல. நான் கூவ மாட்டேன்!"

"கூவலைன்னா நாரைங்க கரையைத் தாண்டி நேரா கடலுக்குப் போயிடும்!"

"மறுபடி அது பொய்யா இருந்தா? ஐயோ, என்னால முடியாது!"

மைவிழி தலையைத் தூக்கிக் கூட்டைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாக் கதவுகளும் சாத்தியே இருந்தன. ஆனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், முன்னாலும் பின்னாலும், ஒவ்வொரு பூவரச இலையின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. பின்னலின் இண்டு இடுக்குகள்கூட வெளுத்திருந்தன.

"அண்ணே, வெளிய வந்து பாருங்க!" என்றாள். "அது திறந்த சன்னலைத் தேடி வந்துச்சு. இது மூடின சன்னல் எல்லாத்துலயும் வந்திருக்கு. இதுதான் விடியல்!"

செங்கொண்டையார் இலையை விலக்கிப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு, மைவிழி தலையசைத்த பிறகே, மூன்று முறை கூவினார். நாரைகள் காலை நீட்டின. கூடு காய்ந்த புல்லில் இறங்கியது.

பயணிகள் கதவைத் திறந்தார்கள். நல்ல வெயில் உள்ளே வந்தது. மைவிழிக்குக் குட்டியை விடுவிக்கப் பயம். மெல்ல விலக்கினாள். பொட்டு கண்ணைக் கசக்கியது. கூசக் கூசச் சிமிட்டியது.

"அம்மா, இந்த மாமா தலையில என்ன செவப்பா?"

மைவிழி வாய்விட்டு அழுதாள். பெருச்சாளி எங்கோ பார்ப்பது போல மூக்கை உறிஞ்சியது. செங்கொண்டையார் தலையைத் தாழ்த்திக் கொண்டையைக் குட்டியின் கைக்கு எட்டும்படி காட்டினார். "தொட்டுப் பாரும்மா கண்ணு" என்றார்.

கீழே இறங்கியதும் எல்லோரும் கூட்டைச் சுற்றிவந்து பார்த்தார்கள். மற்றக் கதவுகள் பச்சைப் பசேலென்று இருந்தன. செங்கொண்டையாரின் சன்னல் கதவில் மட்டும் வெளிப்புறம் முழுக்கக் கீறல்கள். சேறு அப்பிய மூன்று விரல் கால்தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. செங்கொண்டையார் தன் காலைத் தூக்கி ஒரு தடத்தின்மேல் வைத்துப் பார்த்தார். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. அவர் சட்டென்று காலை எடுத்துக்கொண்டார்.

சன்னலோர இடம் ஒருவருக்குக் கிடைக்கலாம், ஆனால் அதைத் திறப்பதால் வரும் கேடு உடன் வருகிற எல்லோரையும் சேரும் என்பதால், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் கதவில் கை வைக்கலாகாது.