கிணற்றடிப் பொன்னி

மடத்துக்கு இரண்டு வயல்கள். ஒன்று கிணற்றடியில், மாட்டுக்கொட்டிலை ஒட்டி இருந்தது. அதற்கு எரு போட ஆள் வேண்டாம், கொட்டில் கழுவிய தண்ணீரே ஓடி வந்துவிடும். இன்னொன்று பள்ளத்து வயல். ஐப்பசி பிறந்தால் அது வயலா குளமா என்று சந்தேகம் வந்துவிடும்.

வயல்களைப் பார்த்துக்கொண்டவர் திருமேனித் தம்பிரான். மடத்தில் சொற்பொழிவும் அவர்தான். அவர் பேச எழுந்தால் கூட்டம் அசையாது. அது அவருக்கும் தெரிந்திருந்ததுதான் சங்கடம்.

ஒருநாள் அவர் தம் குருவான அம்பலவாண அடிகளிடம் போனார்.

"சாமி, மாசிலாமணியை வீட்டுக்கே அனுப்பிடலாம். நேத்து பாட நிக்க வச்சா, பாதிப் பாட்டுல வாயடைச்சுப் போயிட்டார். மடத்துக்குத்தான் கேவலம்."

மடத்தின் இன்னொரு சீடரான மாசிலாமணி வாசலில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்; அவர் காதில் அது விழுந்தது. அவருக்குப் போக வீடு என்று ஒன்று கிடையாது. துடைத்த விளக்கையே மறுபடியும் துடைத்தார்.

"அறுவடை முடியட்டும், சொல்றேன்" என்றார் அடிகள். "விதைநெல் எதுன்னு பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் சாமி. போன போகத்துல பொன்னியையும் காட்டுயானத்தையும் கிணத்தடியில பக்கத்துப் பக்கத்துல நட்டேன். பொன்னி நல்லா மணி பிடிச்சுது. காட்டுயானம் ஆள் உயரம் வளந்து அப்படியே படுத்துருச்சு. இனிமே ரெண்டு வயலுக்கும் பொன்னிதான்."

"சரி. பள்ளத்துல ஒரு மூலையில மட்டும் காட்டுயானம் போடு."

"படுத்துக்கிற நெல்லுக்கு எதுக்கு சாமி இடம்?"

"போடு."

போட்டார். யார் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்துப் போட்டார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. வடிந்தபோது பொன்னி அழுகி நாற்றமெடுத்துக் கிடந்தது. மூலையில் இருந்த காட்டுயானம் தண்ணீர் ஏற ஏறத் தானும் உயர்ந்து தப்பியிருந்தது. கிணற்றடிப் பொன்னி மட்டும் குறைவில்லாமல் விளைந்ததால் மடத்தில் அந்த வருஷம் அடுப்பு எரிந்தது.

அறுவடை முடிந்த அன்று அடிகள் வரப்பில் வந்து நின்றார்.

"இப்பச் சொல்லு. எது ஒசத்தி?"

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார்.

"கிணத்தடிக்குப் பொன்னி சாமி. பள்ளத்துக்குக் காட்டுயானம். பள்ளத்துல நட்டுப் பாக்காமலே முடிவு பண்ணிட்டேன்."

வெட்கப்படத் தெரிந்த மனிதர்தான் அவர். ஆனால் அந்த வெட்கம் காய்வதற்குள் உற்சாகம் வந்துவிட்டது.

"புரிஞ்சுது சாமி! மாசிலாமணியை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கழிமுகத்துல நம்ம கிளை மடம் ஆளில்லாமக் கெடக்கே. மழை வந்தா ஊரே உள்ள வந்து படுத்துக்கும். கஞ்சி காய்ச்சி ஊத்தணும், பிள்ளைங்களைத் தூக்கணும். அங்க பாட்டு கேக்க யாரு இருக்கா? அவருக்கு அதான் தோதான எடம்."

அடிகள் காலில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்துக்கொண்டார்.

"மாசிலாமணி இங்கயே இருக்கட்டும். நீ போ."

"நானா சாமி?"

"நாளைக்கே கெளம்பு. கிணத்தடியில நீ எப்படின்னு பாத்தாச்சு. பள்ளத்துல இன்னும் பாக்கல."