பத்தாயிரத்து ஏழு பனங்கொட்டை

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்து ஊரு ஒண்ணுல, மூக்காண்டின்னு ஒரு பனையேறி இருந்தானாம். அவன் பெண்டாட்டி சடச்சி.

ஒருநாள் ராஜா குளத்தைப் பார்க்க வந்தாரு. குளம்னா சின்னக் குளமில்ல, கரையே ரெண்டு காதம். மந்திரி விரலை மடக்கி, "மூணு மாசத்துக்குத் தண்ணி இருக்கு மகாராஜா"ன்னாரு. பனை உச்சியில இருந்த மூக்காண்டி, "ரெண்டு மாசந்தான் வரும் சாமி"ன்னு கத்தினான். ரெண்டே மாசத்துல குளம் வத்திப்போச்சு. சபையில ராஜா மந்திரியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சாரு. கணக்குப் படிச்சவன் அதைப் பொறுப்பானா?

மந்திரி ஒன்பது நாள் கதவைச் சாத்திக்கிட்டு, எதால வகுத்தாலும் மிச்சம் விழுற ஒரு எண்ணைத் தேடினாரு. கிடைச்சுது. பத்தாயிரத்து ஏழு! அத்தனை பனங்கொட்டையையும் எண்ணிக் கட்டி, ராஜா முன்னாடி மூக்காண்டியைக் கூப்பிட்டாரு.

"ஏலேய், மழைக்கு முன்னாடி இம்புட்டையும் வரிசையா நட்டுரணும். ஒரு வரிசையிலயும் கூடக்கூடாது, குறையக்கூடாது, ஒரு கொட்டையும் மிஞ்சக்கூடாது. தப்பினா புருஷனும் பெண்டாட்டியும் நாட்டை விட்டுப் போயிரணும்."

ஊருக்குப் பனை நல்லதுதானேன்னு ராஜாவும் தலையாட்டிட்டாரு.

வத்தின குளத்துக்குள்ள ரெண்டுபேரும் கொட்டையை ஏழு வரிசையாப் பரப்பினாங்க. நாலு மிஞ்சிச்சு. அள்ளி, ஒன்பது வரிசையாப் பரப்பினாங்க. எட்டு மிஞ்சிச்சு. அதையும் அள்ளி, பதிமூணு வரிசையாப் பரப்பினாங்க. பத்து மிஞ்சிச்சு! பாத்தியளா பிள்ளைகளா, மிச்சம் வளருதே ஒழியக் குறையல.

மூக்காண்டிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "பானை சட்டியைக் கட்டு சடச்சி. போயிருவோம்."

"இரும்யா. குளத்துக்குள்ளயா பனை நடுவாக? மழை வந்தா முங்கிராதா? கரையில நடும்."

"கரை ஒரு வரிசைதான தாங்கும்?" அப்படிச் சொன்னவன், "அட!"ன்னு சிரிச்சுட்டான்.

பிறகு தினமும் விடியக் கருக்கல்ல தொடங்கி அந்தி வரைக்கும் நட்டாங்க, நட்டாங்க, நட்டுக்கிட்டே இருந்தாங்க. கரை சுத்திலும் ஒரே வரிசை. கடைசிக் கொட்டையும் மண்ணுக்குள்ள போயிருச்சு.

மந்திரி கரை முழுக்க நடந்து எண்ணினாரு. "ஒத்தை வரிசையா? இது ஏமாத்து மகாராஜா!"

"ஏதும் மிஞ்சிச்சாய்யா?"ன்னான் மூக்காண்டி.

"மிஞ்சல."

"கூடக் குறைய இருக்கா?"

"இல்ல."

"பின்ன என்ன ஏமாத்து?"

ரெண்டுல தொடங்கி நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்த மனுசன், ஒண்ணை மட்டும் விட்டுட்டாரு!

சடச்சி கும்பிட்டுக் கேட்டா: "ஒத்தை வரிசை பிடிக்கலன்னா, வேற மாதிரி வைக்க முடியுமா மந்திரி ஐயா?"

மந்திரிக்கு வேர்த்துப்போச்சு. முடியாதுன்னு சொன்னா, வேணும்னே மாட்டிவிட்டது வெளியாயிரும். "முடியும்"னாரு.

"அப்போ நீரே வச்சுக் காட்டும்"னாரு ராஜா. "புதுசா பத்தாயிரத்து ஏழு கொட்டை தாரேன். வச்சு முடிக்கிற வரைக்கும் சபைப் பக்கம் வராதேயும்."

மூக்காண்டி நெஞ்சு நிறைய மூச்சு விட்டான். கட்டச் சொன்ன பானையைச் சடச்சி அடுப்புல ஏத்தினா. சாயங்காலமே மழை கொட்டிச்சு.

மந்திரி பொட்டல்ல பதினேழு வரிசையா வச்சாரு, பதினொண்ணு மிஞ்சிச்சு. பத்தொன்பது வரிசையா வச்சாரு, பதிமூணு மிஞ்சிச்சு. ஆகாதுன்னு நாட்டுலயே நல்லாத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். சொல்லத்தான் வாயில்ல. இன்னும் குனிஞ்சு பொறுக்கிக்கிட்டிருக்காரு.

சொன்ன வாய்க்கு ஒரு மடக்குப் பதநீர், கேட்ட காதுக்கு ஒரு கும்பிடு.