மேசைக்கும் லேத்துக்கும் நடுவே

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் யாகூப் பாயின் லேத் பட்டறை. யாகூப் குரு, சோலைமலை சீடர். சீடருக்குத்தான் வயது கூடுதல். அதனால் குரு சீடரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் ஏலத்தில் எடுத்த பழைய லேத் ஒன்று வந்து இறங்கியது. மேசை மேல் வைத்து ஓட்டுகிற சின்ன லேத். பாய் சாக்கை விலக்கிப் பார்த்தார். "இது எட்வினுக்கு" என்றார்.

எட்வின் சோலைமலைக்கு ரொம்பப் பின்னால் வேலை கற்க வந்து சேர்ந்தவன்.

"அப்ப எனக்கு?" என்றார் சோலைமலை.

"அதே ஏலத்துல மூணு மேசை வந்திருக்கு, கொட்டகையில கெடக்கு. இந்த லேத்தோட மேசை எதுன்னு கண்டுபிடிச்சுச் சரிபண்ணிக் குடுங்கண்ணே."

"அவனுக்கு லேத்து, எனக்குக் கட்டையா?"

பாய் டீ சொல்லப் போய்விட்டார்.

எட்வின் சிரித்தான். "மேசை இல்லாட்டி லேத்து தரையில உக்காந்து அழும்ணே."

"வாயை மூடுறா."

மூன்று மேசையில் ஒன்றின் போல்ட் ஓட்டைகள் லேத்தின் காலோடு சேரவில்லை. மற்ற இரண்டும் சேர்ந்தன. சோலைமலை குனிந்து பலகையைப் பார்த்தார். ஒன்றில் எண்ணெய்க் கறை எங்கும் பரவிக் கிடந்தது. இன்னொன்றில் இடது பக்கம் மட்டும் ஊறிக் கருத்திருந்தது. கம்பியைக் கவ்விக்கொண்டு சக் சுற்றுகிற பக்கம். அங்கே முன்விளிம்பும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. யாரோ ஒருவன் காலமெல்லாம் வயிற்றைச் சாய்த்து நின்ற இடம்.

அந்த முகம் தெரியாதவன் மேலும் அவருக்குப் பொறாமை வந்தது. அவனுக்கு ஒரு லேத் இருந்திருக்கிறது.

இதுதான் லேத்தின் மேசை. அதைச் சரிபண்ணினார். பிசுக்கைச் சுரண்டினார், இரும்புக் கால்களை எமரித் தாளால் தேய்த்தார். வலது பக்கப் பலகை உளுத்திருந்தது. பழைய தேக்குக் கதவிலிருந்து ஒரு துண்டு அறுத்துப் பொருத்தினார். எல்லாம் செய்தவர் ரசமட்டம் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. மனசு வேறெங்கோ இருந்தது.

லேத்தைத் தூக்கி வைத்தார்கள். எட்வின் கை கழுவப் போனான். சோலைமலை லேத்தின் வலது பக்க முன் காலுக்கடியில் மெல்லிசாக ஒரு பித்தளைத் தகட்டைச் சொருகினார். நாலு போல்ட்டையும் முறுக்கினார். ஒரு கால் மயிரிழை தூக்கி நின்றால் போதும், லேத் முறுக்கிக்கொள்ளும். கடைகிற கம்பி ஒரு முனை தடித்து, ஒரு முனை மெலிந்து வரும்.

அப்படித்தான் வந்தது. எட்வின் டூலைத் தீட்டிப் பார்த்தான். வேறு கம்பி போட்டுப் பார்த்தான். அடுத்தடுத்த நாட்களில் அவன் பேச்சே குறைந்துபோயிற்று.

கடைசியில் பாயிடம் வந்து நின்றான். "எனக்குக் கை வரல பாய். அண்ணனுக்கே குடுத்துருங்க. நான் ஊருக்குப் போறேன்."

"டீ வாங்கிட்டு வா, பேசுவோம்" என்றார் பாய். "அண்ணே, நீங்க நில்லுங்க லேத்துல."

சோலைமலை லேத்துக்கு முன்னால் வந்து நின்றார். வலது முன் கால் போல்ட்டைத் தளர்த்தினார். தகடு உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. முறுக்கினார். ஒரு கம்பியைக் கடைந்து மைக்ரோமீட்டர் வைத்தார்.

கோணல் பாதிதான் குறைந்திருந்தது.

திரும்ப அளந்தார். அதே பாதி.

"மேசையிலயே கோணல் இருக்கு பாய்."

"மட்டம் பாத்தீங்களா?"

"இல்ல."

"நீங்க மட்டம் பாக்காம விடுற ஆளில்லையே."

சோலைமலை கையை விரித்தார். தகடு வியர்வையில் ஒட்டியிருந்தது.

"வயிறு எரிஞ்சுது பாய். நான்தான் வச்சேன்."

வாசலில் எட்வின் டீத் தூக்கோடு நின்றான். "என் கையையே நான் திட்டிக்கிட்டுக் கெடந்தேண்ணே" என்றான்.

சோலைமலை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் இருக்கட்டும். என்னை அனுப்பிருங்க."

பாய் மட்டத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். புதுப் பலகை பின்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது.

"வலது பின் காலுக்கடியில வைங்க" என்றார்.

"எதை?"

"கையில இருக்கிறதை."

சோலைமலை தகட்டைத் துடைத்தார். பின் காலுக்கடியில் சொருகி முறுக்கினார். பாய் கண்ணைக் காட்ட, எட்வின் டீத் தூக்கை வைத்துவிட்டு லேத்துக்கு வந்தான். ஒரு கம்பியைக் கடைந்தான். ஒரு முனையை அளந்தான். மறு முனையை அளந்தான். மைக்ரோமீட்டரைச் சோலைமலையிடம் நீட்டினான்.

இரண்டு முனையும் ஒரே அளவாக இருந்தன.

"அப்ப நான் போகவா பாய்?"

பாய் டீயை மூன்று கிளாஸில் ஊற்றினார்.

"தகடோட கனமெல்லாம் சரியாத்தாண்ணே எடுத்திருக்கீங்க. வச்ச கால்தான் தப்பு."