முதலை வாயில் பிள்ளைகள்

மலையடிவாரத்துக் காட்டாற்றில் ஒரு மடு. அந்த மடுவில் வடிவு என்ற முதலையும், அதன் கரையில் செவந்தி என்ற ஆள்காட்டிக் குருவியும் அண்டை அயலாராக வாழ்ந்துவந்தார்கள்.

முதலைக்குப் பக்கத்தில் குருவி குடியிருக்குமா என்று கேட்பீர்கள். இருந்தது. வடிவுக்கு மடு நிறைய மீன் கிடைத்தது. ஒரு வாய் இறகைத் தின்று என்ன ஆகப்போகிறது என்பது அவள் எண்ணம். செவந்திக்கோ, முதலை படுத்திருக்கும் கரைக்கு நரி வராது என்ற நிம்மதி. மனிதர் வந்தாலும் மிருகம் வந்தாலும் செவந்திதான் முதலில் பார்ப்பாள். அவள் கத்தியதும் வடிவு சத்தமில்லாமல் நீருக்குள் இறங்கிவிடுவாள். இப்படித் தொடங்கிய பழக்கம், வடிவை அக்கா என்று செவந்தி கூப்பிடும் அளவுக்கு நெருங்கிவிட்டது.

அந்தக் கோடையில் இருவருமே முட்டையிட்டார்கள். வடிவு மணல்மேட்டில் பின்னங்காலால் குழி பறித்து, முட்டைகளை உள்ளே இட்டு, மணலைத் தள்ளி மூடினாள். செவந்தி சற்றுத் தள்ளிக் கூழாங்கற்களின் நடுவே முட்டையிட்டாள். எது முட்டை, எது கல் என்று அவள் கணவனே ஒரு கணம் தடுமாறுவான்.

வடிவு தன் முட்டைமேல் உட்காராதது செவந்திக்கு வியப்பாக இருந்தது. அதைக் கேட்டபோது வடிவு சிரித்தாள். தான் உட்கார்ந்தால் முட்டைகள் கூழாகிவிடும் என்றாள். தன் பிள்ளைகளை மண்ணும் வெயிலும்தான் அடைகாக்கின்றன, உள்ளே வளர்வது ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்த மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது, தனக்குக் காவல் வேலை மட்டும்தான் என்று சொன்னாள்.

செவந்தியின் பாடு வேறு. உச்சி வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, அவளும் கணவனும் மாறி மாறி ஆற்றுக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைகளுக்கு நிழலாக நிற்பார்கள். வடிவு அதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்கு இந்தப் பொறுமை வராது, செவந்தி" என்பாள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செவந்தியின் நெஞ்சில் ஒரு முள் இருந்தது.

சென்ற கோடையில் எதிர்க்கரையிலிருந்து அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். வடிவு மணல்மேட்டைத் தோண்டினாள். அப்போதுதான் பொரிந்து வந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் எடுத்தாள். வாயை மூடிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டாள். அதற்குமேல் பார்க்கத் தைரியமில்லாமல் செவந்தி பறந்துபோனாள். மழைக்காலம் கழித்து அவள் திரும்பியபோது மடுவில் ஒரு குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. பெற்றவளிடம் போய், பிள்ளைகளைத் தின்றாயா என்று எப்படிக் கேட்பது? அவள் கேட்கவே இல்லை.

மறைத்து வைத்த கவலை யாரிடமாவது கொட்டிவிடும். ஒருநாள் ஈச்சம்புதரில் வசித்த உடும்பிடம் அவள் இதைச் சொல்லிவிட்டாள்.

உடும்பு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கண்ணைத் துடைத்தான். அன்று அந்தக் கரையில் முதலைக் கண்ணீர் விட்டது உடும்புதான்.

"பாவம், அந்தப் பிஞ்சுகள்" என்றான். "இன்றைக்கோ நாளைக்கோ முட்டை பொரிந்துவிடும். நீ அவளைக் கொஞ்ச நேரம் அப்பால் அழைத்துப் போ. நான் மண்ணைத் தோண்டி எல்லோரையும் தண்ணீரில் விட்டுவிடுகிறேன்."

செவந்தி அன்று முழுவதும் இரை எடுக்கவில்லை. அக்காவுக்குத் துரோகம் செய்வதா? அக்காவின் பிள்ளைகளைச் சாக விடுவதா? கடைசியில் பிள்ளைகள்தான் பெரிதாகத் தெரிந்தார்கள்.

ஆள்காட்டிகளுக்கு ஒரு வித்தை உண்டு. முட்டையை நெருங்கும் எதிரியின் முன்னால் சிறகு ஒடிந்ததுபோல் நொண்டி, அதைத் தூரமாக இழுத்துக்கொண்டு போய்விடும். எதிரிக்குக் காட்டும் அந்த வித்தையைச் செவந்தி மறுநாள் காலையில் தன் தோழிக்குக் காட்டினாள். ஆறு வளையும் இடத்துக்குப் போய் மணலில் விழுந்து, சிறகை இழுத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று அலறினாள்.

வடிவு மணல்மேட்டைப் பார்த்தாள். வளைவைப் பார்த்தாள். முட்டையிட்ட நாளிலிருந்து அந்த மேட்டை விட்டு அவ்வளவு தூரம் அவள் போனதில்லை. இருந்தாலும் எழுந்து, கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, கரையோடு ஓடிவந்தாள்.

வந்ததும் செவந்தியின் அருகே தாடையைத் தரையில் வைத்துப் படுத்தாள். "என் முதுகில் ஏறிக்கொள். உன்னைக் கூட்டில் சேர்த்துவிடுகிறேன். சீக்கிரம் ஏறு, எனக்கு நேரமில்லை."

"ஏன் அக்கா அவசரம்?" சிறகை இழுத்தபடியே கேட்டாள் செவந்தி.

"பிள்ளைகள் கூப்பிடும் நேரம். முட்டைக்குள் இருந்துகொண்டே கூப்பிடுவார்கள். வெயிலில் மணல் இறுகிக் கிடக்கிறது. நான் தோண்டாவிட்டால் அவர்களால் மேலே வர முடியாது."

"வந்தபிறகு அவர்களை என்ன செய்வீர்கள்?"

"வாயில் எடுத்துக்கொள்வேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தண்ணீரில் விடுவேன்." வடிவு அவளை வினோதமாகப் பார்த்தாள். "வெயிலில் நடக்கவிட்டால் பருந்து கொண்டுபோய்விடும். வாயில் தூக்காமல் நான் வேறு எதில் தூக்குவது?"

செவந்தி துள்ளி எழுந்தாள். ஒடிந்த சிறகு சட்டென்று விரிந்தது. உடும்பு சொன்னதையும் தான் செய்ததையும் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். வடிவு திரும்பி ஓடினாள்.

முதலை எவ்வளவு ஓடினாலும் தரையில் முதலைதானே. செவந்தி அவளை முந்திக்கொண்டு பறந்தாள். மணல்மேட்டில் உடும்பு பாதி உடம்பைக் குழிக்குள் விட்டிருந்தான். பக்கத்தில் முட்டை ஓடுகள் சிதறிக் கிடந்தன. அவன் வாய் மஞ்சளாக இருந்தது. குழியின் அடியிலிருந்து சன்னமான குரல்கள் வந்துகொண்டிருந்தன.

செவந்தி அவன் கண்ணைக் குறிவைத்துப் பாய்ந்தாள். உடும்பு வாலைச் சவுக்குபோல் வீசினான். அடி பட்டு அவள் உருண்டாள். இந்த முறை நடிப்பில்லை. தோளில் உண்மையாகவே வலித்தது. மறுபடியும் எழுந்து பாய்ந்தாள். வாலுக்கும் நகத்துக்கும் இடையே விடாமல் கத்தி, கொத்தி, அவனை ஒரு நிமிடம்கூடக் குழிக்குள் தலை குனிய விடவில்லை. அதற்குள் வடிவு வந்துவிட்டாள். அவளுடைய உறுமலைக் கேட்ட உடும்பு ஈச்சம்புதரையும் தாண்டி ஓடினான். அதன்பிறகு அவனை அந்தக் கரையில் யாரும் பார்க்கவில்லை.

சில முட்டைகள் போனது போனதுதான். வடிவு அந்த ஓடுகளை ஒருமுறை முகர்ந்தாள். பிறகு குழியைத் தோண்டினாள்.

சென்ற ஆண்டு தூரத்திலிருந்து பார்த்ததை இம்முறை செவந்தி பக்கத்தில் நின்று பார்த்தாள். எருமை எலும்பையே நொறுக்கும் அந்தத் தாடை, பூவைக் கிள்ளுவதுபோல் ஒரு குஞ்சை எடுத்தது. பிறகு இன்னொன்றை. நாக்கின்மேல் அவை ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு உட்கார்ந்தன. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு குட்டி முகம் வெளியே எட்டிப் பார்த்தது. வடிவு நீரில் இறங்கி, வாயை மெல்லத் திறந்து, தலையை அசைத்தாள். குஞ்சுகள் நழுவி நீந்தின.

கடைசியாக ஓடு உடையாத ஒரு முட்டை மிஞ்சியது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. வடிவு அதை நாக்குக்கும் மேல்வாய்க்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டினாள். ஓடு விரிசல்விட்டு, ஒரு மூக்கு வெளியே வந்தது.

எல்லோரையும் நீரில் விட்டபிறகு செவந்தி தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். இனி இந்தக் கரையில் இருக்கத் தனக்குத் தகுதி இல்லை என்றாள்.

வடிவு கரையோரமாக நீரில் மிதந்தாள். அவள் முதுகில் பிள்ளைகள் ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தார்கள்.

"வலிக்கத்தான் செய்கிறது" என்றாள் அவள். "ஆனால் நீ என் பிள்ளைகளுக்காகத்தானே என்னை ஏமாற்றினாய். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? சரி, போ. உன் முட்டை காய்கிறது."

செவந்தி போனாள். ஆனால் அன்றுமுதல் வானத்தில் பருந்து தெரிந்தாலும், ஆழமில்லாத நீரில் நாரை வந்து நின்றாலும், அவள் கத்தும் கத்தலில் முதலைக் குஞ்சுகள் எல்லாம் தாயிடம் ஓடி ஒளிந்துகொள்ளும்.

சில நாட்களில் செவந்தியின் முட்டைகளும் பொரிந்தன. இறகு காய்ந்த உடனே குஞ்சுகள் எழுந்து, குச்சிக் கால்களால் நாலாபக்கமும் ஓடி, தாமாகவே பூச்சி பொறுக்கத் தொடங்கின. அதைப் பார்த்து வடிவு பதறிப்போனாள்.

"பிறந்த அன்றைக்கே இப்படி ஓடவிடுகிறாயே, உனக்கு ஈரமே இல்லையா?" என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கள் வழக்கம் இப்படித்தானா, செவந்தி?" என்று கேட்டாள்.

"ஆமாம் அக்கா" என்றாள் செவந்தி.

பிள்ளையைச் சுமக்கும் விதம் உயிருக்கு உயிர் வேறுபடும். அடுத்தவர் அன்பை நம் வழக்கத்தால் அளக்காமல், ஐயம் வந்தால் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதே நட்புக்கு அழகு.