புரட்டாசி அறுப்பு

கயித்தானுக்கு வானம் அத்துபடி என்று துறைமுகத்தில் எல்லோரும் சொல்வார்கள். தலை நரைக்கும்வரை தோணி ஓட்டியவர். தோணியை நடத்துகிறவனுக்குக் கடற்கரையில் தண்டல் என்று பெயர். கயித்தான் தண்டல் பாயை இறக்கினால், பக்கத்துத் தோணிக்காரர்களும் ஏன் என்று கேட்காமல் இறக்கிவிடுவார்கள்.

அந்த மனிதர் இப்போது ஒரு மலைச்சரிவில், ஒரு செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, மேலே பார்ப்பதா கீழே பார்ப்பதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

அது கஞ்சாச் செடி. மலைமேல் வைத்தியசாலை நடத்தும் உலகநாயகி அம்மாள், தீராத வலிக்கு மருந்து செய்வதற்காக அரசாங்க அனுமதியோடு வளர்ப்பது. சுற்றிலும் வேலி, வேலிக்குப் பூட்டு, பூட்டுக்குமேல் அனுமதிப் பலகை.

கயித்தானின் மனைவி சலேத்தம்மாளுக்கு எலும்பில் நோய். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டோம், இனி வலியோடு இருக்கப் பழகுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். உலகநாயகி கொடுத்த மருந்தில் நோய் போகவில்லை, ஆனால் அவள் தூங்கினாள். அந்த ஒன்றுக்காகவே கயித்தான் அங்கே தங்கிவிட்டார். சும்மா உட்காரத் தெரியாத உடம்பு. அரைத்தார், காய்ச்சினார், செடிக்குத் தண்ணீர் விட்டார். கடைசியில், தன் மகள் வயதுடைய அந்த வைத்தியரை அம்மா என்று அழைத்து, எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு நின்றார்.

ஆவணி பிறந்தபோது உலகநாயகி சொன்னார்: "இந்த வருடம் பூவை எப்போது அறுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"நானா அம்மா?"

"வானம் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்தானே."

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விஷயமும் சிக்கலாகத் தெரியவில்லை. பூ முற்றும் முன்னே அறுத்தால் மருந்தில் சாரம் இருக்காது. முற்றி இறுகிய பூவுக்குள் மழை இறங்கிவிட்டால் சாம்பல் பூஞ்சை பிடித்து உள்ளிருந்தே அழுகும். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தார்.

புரட்டாசி வந்தது.

காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில். மதியம் நீட்டிய கை தெரியாத மூடுபனி. ஒருநாள் மேகம் கறுத்துத் திரண்டு, மலையே நடுங்குகிறாற்போல் இடித்துவிட்டு, ஒரு சொட்டு விழாமல் கலைந்து போனது. மறுநாள் துடைத்துவிட்ட நீல வானத்திலிருந்து மழை ஊற்றியது. கடலில் காற்றுக்கு ஒரு பேர் உண்டு, ஒரு திசை உண்டு, வருகிற மாசம் உண்டு. மேற்கிலிருந்து கச்சான் எழுந்தால் அது கச்சான்தான், நடுவில் மனசு மாறாது. இங்கே காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறியது, பாறையில் முட்டியது, வந்த வழியே திரும்பி அவர் முகத்தில் அடித்தது. அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மழைக்குப் பயந்து செடிகளுக்கு மேலே தார்ப்பாய் கட்டினார். கட்டி முடித்ததும் வெயில் வந்தது. பாய்க்கு அடியில் அடுப்பங்கரைபோல் புழுங்கியது. அவிழ்த்தார். அவிழ்த்த கயிற்றைச் சுருட்டுவதற்குள் தூறல் போட்டது. திரும்பக் கட்டினார். அன்று மாலைக்குள் எத்தனை தடவை கட்டினார், எத்தனை தடவை அவிழ்த்தார் என்பது அவருக்கே மறந்துபோனது.

மறுநாள் வைத்தியசாலைக்குப் போனார். உலகநாயகி கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நாளைக்கு மழை வருமா?"

குழவி நின்றது. "தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். வற்றல் போட வேண்டும்."

குழவி மறுபடி ஓடியது.

கயித்தான் தாங்கள் தங்கியிருந்த குடிசைக்கு நடந்தார். வற்றல் என்று எதைச் சொல்கிறார்? உலர்ந்து போன மனசையா? உப்பில் ஊறிய ஆசையையா? வழி நெடுக யோசித்தார். குடிசை வந்துவிட்டது, பொருள் வரவில்லை.

சலேத்தம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் வலி கூடும்.

"என்ன சொன்னாவ வைத்தியரம்மா?"

"வத்தல் போடணுமாம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இடுப்பெலும்பில் போய்க் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு, அது அடங்கும்வரை தரையையே பார்த்தாள்.

"ராத்திரி தூங்குனியா புள்ள?"

"கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

"மருந்து?"

"பாதிதான் தின்னேன். மீதிய வச்சிருக்கேன். சாடில அடி தெரியுதுல்லா? புதுசு எப்ப வரும்?"

அவர் கலயத்தில் தண்ணீர் மொண்டு குடித்தார்.

"நீங்க சொல்லுத அன்னைக்குத்தான் அறுப்பாவளாமே. சொல்லிருங்களேன்."

"தெரியல புள்ள."

கல்யாணமான நாளிலிருந்து, வானத்தைப் பற்றி அவள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதில்லை. சலேத்தம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அவர் வேட்டியில் ஒட்டியிருந்த ஈர மண்ணைத் தட்டிவிட்டாள்.

அடுத்து வந்த வாரத்தில் பூஞ்சை தெரிந்தது. தோட்டத்திலேயே பெரிய பூ அது. வெளியே பச்சையாய், கொழுகொழுவென்று, பார்க்க ஒரு குறையும் இல்லை. ஓர் இலை மட்டும் வாடியிருந்தது. அதைக் கிள்ளியபோது பூ நடுவிலிருந்து பிளந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ரோமம். புகைபோல் தூசி பறந்தது.

அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடினார். வயதை மறந்து ஓடினார்.

"அம்மா! எல்லாவற்றையும் இன்றே அறுத்துவிடட்டுமா?"

உலகநாயகி பூவை வாங்கிப் பார்த்தார். முகர்ந்தார். அடுப்பில் போட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். கயித்தான் பின்னால் போனார்.

முதல் செடியின் முன்னே நின்று அவர் கேட்டார்: "இது என்ன?"

"கஞ்சா, அம்மா."

இரண்டடி நகர்ந்தார். "இது?"

"இதுவும் கஞ்சாதான்."

"இது?"

"கஞ்சா."

வரிசை முழுக்க இப்படியே போனது. அவர் நிற்பார், கேட்பார், கயித்தான் சொல்வார். நெட்டைச் செடி, குட்டைச் செடி, பாறை நிழலில் நின்ற செடி, நாள் முழுக்க வெயில் வாங்கும் செடி. அடுத்த வரிசையும் தொடங்கியபோது கயித்தானுக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாம் ஒன்றுதான் அம்மா! எல்லாமே கஞ்சாதான்!"

"அப்படியா?" என்றார் உலகநாயகி. "எனக்குத்தான் ஏதோ குழப்பம்போல." வேலிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அறுக்கச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா? கயித்தான் செடிகளுக்கு நடுவே நின்றார். அவருக்குக் கோபம் வந்தது. குடிசையில் ஒருத்தி வலியில் கிடக்கிறாள், இவர் என்னை வைத்து விடுகதை போடுகிறார் என்று வாய்விட்டே சொன்னார். கேட்க அங்கே செடிகள்தான் இருந்தன.

இரண்டொரு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு வேளையில், தென்மேற்கு மூலை இருண்டது. இந்த மேகம் பொய்யில்லை என்று அவருக்குத் தோன்றியது. அடிவயிறு கறுத்து, முகடு வெளுத்து, மெதுவாக ஏறி வந்தது. கடலில் இப்படி ஒன்றைப் பார்த்துத்தான் ஒருமுறை சரக்கைத் தண்ணீரில் தள்ளி உயிர் பிழைத்திருந்தார்.

கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். எல்லாவற்றையும் அறுத்துவிடுவது என்றுதான் போனார். முதல் செடியின் தண்டைப் பிடித்தார். கத்தியை வைத்தார். ஏனோ கை நின்றது.

மடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பூவின்மேல் பொடிப் பொடியாகப் பிசின் மணிகள் நிற்கும். அவை கண்ணாடிபோல் இருந்தால் பூ பிஞ்சு. பால்போல் வெளுத்திருந்தால் முற்றியது. இதை உலகநாயகி முன்பே காட்டிக்கொடுத்திருந்தார். குனிந்து பார்த்தார். பால்போல் இருந்தது. அறுத்தார்.

அடுத்த செடி. கண்ணாடி. விட்டார்.

அடுத்தது. பால். அறுத்தார்.

அடுத்தது. கீழ்க்கிளையில் கண்ணாடியாகவும் மேல்கிளையில் பாலாகவும் இருந்தது. மேல்கிளையை மட்டும் அறுத்தார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மூடுபனியும் உள்ளே நுழைந்துவிட்டது. மணிகள் பாலா கண்ணாடியா என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. "தெரியவில்லை," என்று சொல்லிக்கொண்டே ஒன்றை அறுத்தார். "தெரியவில்லை," என்று சொல்லிக்கொண்டே ஒன்றை விட்டார். பாறை ஓரத்துக் குட்டைச் செடியை வெகுநேரம் பார்த்தார். அதற்கும் அதே வார்த்தைதான். விட்டுவிட்டார்.

அறுத்ததை மார்போடு அணைத்துக்கொண்டு உலர்த்தும் கொட்டகைக்கு ஓடினார். கொடியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். கட்டி முடித்து வெளியே வந்தால், சுள்ளென்று வெயில். தென்மேற்கில் மேகம் இருந்த இடத்தில் மேகம் இல்லை.

கயித்தான் வாசற்படியில் உட்கார்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பொன்போல் இருந்தன. நல்ல வெயில், காய்ந்த காற்று. தோட்டத்தில் விட்ட செடிகள் முற்றி மணந்தன. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கொட்டகைக்குப் போய்த் தொங்கும் பூக்களைப் பார்ப்பார், தோட்டத்துக்குப் போய் நிற்கும் பூக்களைப் பார்ப்பார். அங்கும் நிற்க முடியவில்லை, இங்கும் நிற்க முடியவில்லை. நாளைக்கு மீதியை அறுக்கலாம் என்று நினைத்தார். வெயில் இன்னும் ஒரு நாள் தாங்கும் என்றும் நினைத்தார்.

அந்த நாளையில், எந்த அடையாளமும் காட்டாமல், மழை வந்தது. வந்தது நிற்கவில்லை. பொழுது விடிந்தாலும் மழை, பொழுது அடைந்தாலும் மழை. தார்ப்பாய் கிழிந்து பள்ளத்தில் போய் விழுந்தது. ஓய்ந்தபின் வேலியைத் திறந்தபோது, நம்பிக்கையோடு அவர் விட்டுவைத்த நல்ல செடிகளெல்லாம் சாம்பல் பூத்து நின்றன. தொட்டால் பூ கையோடு வந்தது. பாறை ஓரத்துக் குட்டைச் செடி மட்டும், ஒரு கேடும் இல்லாமல், சொட்டச் சொட்ட நின்றிருந்தது.

அதை அறுத்து உலர்த்தினார். கொட்டகையிலும் ஈரம் ஏறிக் கொஞ்சம் வீணாகியிருந்தது. தேறியதை மூன்று கூடைகளில் பிரித்தார். முற்றியது என்று தெரிந்து அறுத்தது ஒரு கூடை. தெரியாமல் அறுத்தது ஒரு கூடை. மழைக்குத் தப்பியது ஒரு கூடை. மூன்றையும் தனித்தனியாக உலகநாயகியின் முன்னால் வைத்தார். எதில் செய்த மருந்து வலியை நிறுத்துகிறது என்று பார்த்துவிட்டால், அடுத்த வருடம் எப்போது அறுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இந்தக் குழப்பத்திலிருந்து தனக்கு மிஞ்சும் பாடம் அது ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தார்.

"நல்லது," என்றார் உலகநாயகி. "நீங்கள் போய் அக்காவோடு இருங்கள். நான் காய்ச்சிக் கொடுக்கிறேன்."

சலேத்தம்மாளைத்தான் அவர் அக்கா என்பார்.

ஜாடியில் பழைய மருந்து தீர்ந்துபோயிருந்தது. அந்த நாட்களில் சலேத்தம்மாள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கயித்தான் அவள் முதுகுக்குப் பின்னால் தன் தோளைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். தோளில் அவள் நடுங்குவது தெரியும். வெளியே வெயிலா மழையா என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு காலைப்பொழுதில் உலகநாயகி கிண்ணத்தோடு வந்தார். தன் கையாலேயே அவளுக்கு ஊட்டினார். "கொஞ்ச நேரம் ஆகும் அக்கா," என்றார். கயித்தானைக் கூப்பிட்டு, "மருந்துப் பாத்திரத்தைக் கழுவி வையுங்கள்," என்று அனுப்பினார்.

அவர் வைத்தியசாலைச் சமையற்கட்டுக்குப் போனார். அடுப்பருகே மூன்று கூடைகளும் காலியாகக் கிடந்தன. கழுவுவதற்கு இருந்தது ஒரே ஒரு பாத்திரம்.

கயித்தான் கூடைகளைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். வேறு பாத்திரம் எங்காவது இருக்கிறதா என்று, வெயில் ஏறும்வரை, பரணில்கூடத் தேடினார். பிறகு அந்த ஒற்றைப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே, கழுவாமல், குடிசைக்கு வந்தார். வாசலில் நின்றதும் குரல் உயர்ந்துவிட்டது.

"அம்மா! மூன்றையும் ஒன்றாகவா போட்டீர்கள்? முன்னால் அறுத்தது சரியா, பின்னால் அறுத்தது சரியா, நான் செய்ததில் எது சரி என்று இனி எப்படித் தெரியும்?"

உலகநாயகி திரும்பினார்.

"மெல்லப் பேசுங்கள். அக்கா தூங்குகிறார்."